ஹோலுக்கும் ஹோலுக்கும் நடுவே

கொழும்பில் கலியாணம் பேசி முடிந்த வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "ஹோல் புக் பண்ணியாச்சா?" என்பதுதான். அதே உச்சரிப்போடு ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். மண்டபம் கேட்டவள் ஓட்டை கேட்டவளாகி விடுவாள். எங்கள் வாயில் மண்டபமும் ஹோல், ஓட்டையும் ஹோல். பந்தும் போல், கிண்ணமும் போல்; ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும் தம்பிமார் போலைப் போல் பண்ணுகிறார்கள். சட்டமும் லோ, தாழ்ந்ததும் லோ. தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும் இந்தச் சோடிகள் ஆங்கிலத்தில் வெவ்வேறு உயிரொலி கொண்டவை. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் முறையாக யாரும் எங்களுக்குக் கற்பிப்பதில்லை. ஆனால் நேர்முகப் பரீட்சை தொடக்கம் நண்பிகள் வட்டம் வரை, கற்பிக்காத அந்த ஒன்றை வைத்தே எங்களை அளக்கிறார்கள். இதுதான் என் முறைப்பாடு.

இந்த அளவுகோலுக்கு இலங்கையில் ஒரு பெயரே உண்டு. 'நொட் பொட் ஆங்கிலம்' என்பார்கள். 'இல்லை' என்பதற்கும் 'பானை' என்பதற்கும் உரிய ஆங்கிலச் சொற்களில் வரும் உயிரொலியைத் தமிழ், சிங்கள ஒகரம் போலச் சொல்கிறவர்களுக்கு வைத்த கேலிப் பெயர் இது. பேராசிரியை மானிக் குணசேகர 2005இல் வெளியிட்ட இலங்கை ஆங்கிலம் பற்றிய நூலில் இந்தப் பட்டப்பெயரையும் எடுத்துப் பேசுகிறார். ஒரேயொரு உயிரொலி, பேசுகிறவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள், எந்தப் பாடசாலையில் படித்தாள் என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு வழங்கும் செல்லப்பெயர் 'கடுவ'. வாள் என்று பொருள். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் ஆங்கிலத்தின் அதிகாரம் பற்றி எழுதிய கட்டுரைக்கு அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்தார். வாளுக்குக் கூர்மையான ஓரம் ஒன்று இருக்குமல்லவா? நொட்டும் பொட்டும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன.

ஒலியை வைத்து ஆளைப் பிரிப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1983 ஜூலையில் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, நாக்கை வைத்தே தமிழரை அடையாளம் கண்ட கதைகளை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கொடுமையோடு ஆங்கில வகுப்பின் சிரிப்பை ஒப்பிடுவது பொருந்தாது. ஆனாலும் ஒரு மனிதரின் மதிப்பை அவர் வாயிலிருந்து வரும் ஓர் ஒலியால் தீர்மானிக்கலாம் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை அது நினைவூட்டுகிறது.

எங்கள் பக்கத்தில் இதன் விலை மௌனம். கிராஅத் போட்டியில் நூறு பேர் முன்னிலையில் நடுக்கமில்லாமல் ஓதும் பிள்ளை, ஆங்கில தினப் போட்டிக்குப் பெயர் கொடுப்பதில்லை. இலக்கணத்தில் எண்பது புள்ளி எடுப்பவள், தொலைபேசியில் ஆங்கிலக் குரல் கேட்டால் உம்மாவிடம் கொடுத்துவிடுகிறாள். விடை தெரியாமலா கைகள் உயராமல் இருக்கின்றன? வாயைத் திறந்தால் சிரிப்பார்களோ என்ற பயம்தான் காரணம். இன்னும் சிலர் அந்தப் பயத்தில், வாயைக் கூடுதலாகத் திறக்க வேண்டாத சொல்லிலும் திறந்து, ஓகாரம் வரவேண்டிய இடத்திலும் அதைத் தொலைத்துவிடுகிறார்கள். அதற்கும் சிரிப்பு வருகிறது.

சரி, இந்த ஒலி எங்களுக்கு ஏன் வழுக்குகிறது? தமிழில் உயிரெழுத்துகள் பன்னிரண்டு. ஐகார ஔகாரங்களை விட்டால், ஐந்து குறிலும் ஐந்து நெடிலும். ஆங்கிலத்தில் உயிர் எழுத்துகள் ஐந்தே. ஆனால் பிரித்தானிய ஆங்கிலத்தின் உயிரொலிகள், இரண்டு ஒலி சேர்ந்து வழுக்குவனவற்றையும் கூட்டி, ஏறத்தாழ இருபது என்று பாடநூல்கள் கணக்கிடுகின்றன. ஐந்து எழுத்து, இருபது ஒலி. எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாமைக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1476இல் கெக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்த பின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்தது. ஆனால் ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறிக்கொண்டே இருந்தன. எழுத்து நின்றுவிட்டது, ஒலி நடந்து போய்விட்டது. அந்த இடைவெளியில் நாங்கள் தடுமாறுகிறோம்.

புதிய ஒலி ஒன்றைக் கேட்கும்போது காது அதைத் தனக்குப் பழக்கமான பெட்டி ஒன்றுக்குள் போடுகிறது. இதற்கு அருமையான சான்று தமிழிலேயே இருக்கிறது. நாங்கள் டொக்டர், ஒபிஸ், கொலேஜ், ஹோல், கோப்பி என்கிறோம். சென்னையில் டாக்டர், ஆபீஸ், காலேஜ், ஹால், காபி என்கிறார்கள். ஆங்கிலச் சொற்கள் ஒன்றே. அவற்றின் உயிரொலி ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடையே கிடப்பது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கத்தார் அதை ஆகாரப் பெட்டியில் போட்டார்கள். இந்தப் பக்கத்தார் ஓகாரப் பெட்டியில் போட்டோம். யார் செய்தது சரி? இருவரும் பாதி சரி. அவர்களுக்கு வாய் திறப்பு கேட்டது, எங்களுக்கு உதட்டுக் குவிவு கேட்டது. இரண்டையும் சேர்த்தால் அந்த ஒலி வரும். ஆகாரத்துக்குத் திறப்பது போல் திறந்து, உதட்டைச் சற்றே குவித்தால் போதும்.

இவ்வளவுதான் விஷயம். ஒரு வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு உள்ளவை எழுத்து வினாத்தாள்கள். பேச்சுக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாததற்குப் பாடவேளையில் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே ஒலி என்பது விலைக்கு வாங்கும் பொருளாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சுவர்களிலும் மின்கம்பங்களிலும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு விளம்பரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதிலேயே எலகியூஷன் வகுப்புக்குப் போய், லண்டன் சான்றிதழ் வரை எடுக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் காசு கொடுத்தவருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்றை 'திறமை' என்று பெயரிட்டு, கிடைக்காதவரைச் 'சரியாகப் பேசத் தெரியாதவர்' என்பது நியாயமா?

இந்த அநியாயம் ஆங்கிலேயர் நாட்டிலும் இருந்தது. 1913இல் மேடையேறிய பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகமே பூ விற்கும் ஓர் ஏழைப் பெண்ணின் உச்சரிப்பைச் சுற்றியது. ஒலி மாறியதும் அவளைச் சீமாட்டி என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். பெண் அதே பெண்தான். ஷா சிரித்தது அவளைப் பார்த்தல்ல, நம்பியவர்களைப் பார்த்து.

ஒலியைக் கற்பிப்பது கடினம், அதற்கு வெளிநாட்டு ஆசிரியர் வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும் என்று சொல்வார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஒலியைக் கற்பிக்கும் முறை எங்களிடம் இரண்டு வழியாக ஏற்கெனவே இருக்கிறது.

முதலாவது, எங்கள் தமிழ் இலக்கணம். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் உண்டு. அகர ஆகாரம் வாய் திறப்பதால் பிறக்கும், இகரம் முதல் ஐகாரம் வரையுள்ளவை நாக்கின் விளிம்பு பல்லை அணுகப் பிறக்கும், உகர ஒகர வகையினவும் ஔகாரமும் இதழ் குவியப் பிறக்கும் என்று அது வகுக்கிறது. வாய் திறப்பு, நாக்கு, உதடு. இன்றைய ஒலியியல் நூல்களும் உயிரொலியை விளக்க இந்த மூன்றையே எடுக்கின்றன. தமிழ்ப் பாடத்தில் மனனம் செய்து புள்ளி வாங்கும் இந்த அறிவை, அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்பில் ஏன் மூடி வைக்கிறோம்?

இரண்டாவது, குர்ஆன் மத்ரஸா. ஐந்து, ஆறு வயதில் நாங்கள் அங்கே போகும்போது, தமிழில் இல்லாத அரபு எழுத்துகளை ஓதிக்கொடுக்கும் ஆலிமா எப்படிக் கற்பித்தார்? 'கேட்டுச் சொல்' என்று மட்டும் விட்டாரா? இல்லை. மக்ரஜ் காட்டினார். இந்த எழுத்து தொண்டையின் அடியில், இது நடுவில், இது நாக்கின் ஓரத்தில் என்று இடம் சொன்னார். எத்தனை ஹரகத் நீட்ட வேண்டும் என்று விரல் மடக்கி எண்ணினார். வராத பிள்ளையை மறுநாளும் இருத்திச் சொல்ல வைத்தார். தட்டுத்தடுமாறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற நபிமொழியை அறிந்த சூழல் அது. அங்கே தடுமாற்றம் கேலிக்குரியதல்ல. அதனால்தான் தமிழ் மட்டும் பேசும் வீட்டுப் பிள்ளையும் ஐனையும் காஃபையும் பிழையறச் சொல்லி வெளியே வருகிறாள்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். தஜ்வீத் கற்றவர்களுக்கு தஃப்கீம், தர்கீக் என்ற சொற்கள் தெரியும். கனமாக ஓதுவதும் மெல்லியதாக ஓதுவதும். 'அப்துல்லாஹ்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு 'பிஸ்மில்லாஹ்' என்று சொல்லிப் பாருங்கள். லாமுக்கு முன் உகரம் வந்ததால் முதலாவதில் லாம் கனக்கிறது. இகரம் வந்ததால் இரண்டாவதில் மெலிகிறது. லாமை ஒட்டி வரும் ஆகாரமும் அதோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. முதலாவது ஆகாரத்தில் நாக்கின் பின்பகுதி மேலெழுந்து பின்னால் போகிறது. தமிழில் இரண்டையும் ஒரே 'லா' என்றுதான் எழுதுகிறோம். ஆனால் எங்கள் காது அவற்றை ஒருபோதும் குழப்புவதில்லை.

கனமான அந்த ஆகாரத்தில் உதடு குவியக் கூடாது என்று ஆலிமா திருத்துவார். இப்போது நாக்கை ஏறத்தாழ அதே இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டைச் சற்றுக் குவியுங்கள். ஆங்கில மண்டபத்தின் உயிரொலிக்கு மிகக் கிட்ட வந்துவிடுவீர்கள். வணக்கத்துக்குரிய ஓதலை ஆங்கில வகுப்பின் பயிற்சியாக்கச் சொல்லவில்லை. ஓதல் அதன் இடத்தில் இருக்கட்டும். ஓதிப் பழகிய வாய் எவ்வளவு நுட்பமான வாய் என்பதை நாங்கள் மறந்துவிட்டோம் என்றுதான் சொல்கிறேன். 'எங்கள் நாக்குக்கு ஆங்கிலம் வராது' என்று இனியும் எந்தத் தோழி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. சிங்களத்தில் 'ஏன்' என்று கேட்கும் சொல்லின் முதல் ஒலியை உற்றுக் கேளுங்கள். அது அகரமும் இல்லை, எகரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, வாயைப் பக்கவாட்டில் விரித்துச் சொல்லும் ஒலி. ஆங்கிலப் பூனையின் நடுவிலும் அப்பிளின் தொடக்கத்திலும் வருவது ஏறக்குறைய இதுவே. சிங்கள நெடுங்கணக்கில் இதற்குக் குறிலும் நெடிலுமாக இரண்டு எழுத்துகள் உண்டு. தமிழில் எழுத்து இல்லை. ஆனால் பஸ்ஸிலும் சந்தையிலும் இந்த ஒலியை நாள்தோறும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். வாயில் இருப்பதை ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொள் என்று சொல்ல ஒரு டீச்சர் இருந்தால் போதும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஏன் வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டும்? இலங்கை ஆங்கிலம் என்று ஒன்று இல்லையா? உண்டு. மைக்கல் மெய்லர் 2007இல் அதற்கென ஓர் அகராதியே வெளியிட்டார். 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டாக அரசு அறிவித்தபோது, நம் வழியில் ஆங்கிலம் பேசுவோம் என்பதே கோஷமாக இருந்தது. அந்தக் கோஷத்தோடு எனக்கு உடன்பாடு உண்டு. தொனியும் இராகமும் எங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் 'நம் வழி' என்று சொல்லிவிட்டு, ஒலியைக் கற்பிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? கொழும்பில் ஆங்கிலம் பேசும் வீடுகளும் இலங்கை ஆங்கிலமே பேசுகின்றன. அவர்களும் லண்டன்காரர் போலப் பேசுவதில்லை. ஆனால் மண்டபத்தையும் ஓட்டையையும் அவர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். நொட் பொட் என்று கேலி செய்வது லண்டன்காரரல்ல, எங்கள் ஊரவர்தான். ஆக, கற்பிக்காமல் விடுவது எங்களை விடுதலை செய்வதில்லை, வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

எதைக் கட்டாயம் கற்பிப்பது, எதை விட்டுவிடுவது என்பதற்கு நல்ல வழிகாட்டி இருக்கிறது. பல நாட்டவர் தமக்குள் பேசும் ஆங்கிலத்தை ஆராய்ந்து ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் ஒரு நூல் எழுதினார். உயிரொலியின் நிறம் ஊருக்கு ஊர் மாறலாம், நீளம் குழம்பக் கூடாது என்பது அவருடைய முடிவுகளில் ஒன்று. கப்பலையும் செம்மறியாட்டையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று குறிலாகவும் மற்றது நெடிலாகவும் கேட்டால் உலகம் புரிந்துகொள்ளும். குறில் நெடில் என்பது தமிழ்ப் பிள்ளை முதலாம் தரத்திலேயே பெற்ற சொத்து! நீளத்தை மாற்றினால் 'கல்' 'கால்' ஆகிவிடும் என்று அறிந்த எங்களுக்கு ஆங்கிலத்தின் பாதி வேலை முடிந்த மாதிரித்தான். நிறத்தைப் பொறுத்தவரை, அவர் நூலுக்கு வெளியே எங்கள் ஊர் நிலைமை ஒன்று இருக்கிறது. இங்கே கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் அந்த ஆகார ஓகார இடைவெளிதான். ஆகவே அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலப் பறவையின் நடுவில் வரும் நெட்டொலியையும் சேர்க்கலாம். அதை அவரும் வலியுறுத்துகிறார். மற்றவற்றைப் பற்றிப் பதற வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்? என் யோசனைகள் எளியவை.

தரம் 6, 7 வகுப்புகளில் வாரத்துக்குப் பத்து நிமிடம் ஒலிக்கு ஒதுக்கலாம். முதலில் காது, பிறகு வாய். டீச்சர் வாயைக் கொப்பியால் மறைத்துக்கொண்டு ஒரு சோடியில் ஒன்றைச் சொல்லட்டும். மண்டபம் என்றால் ஒரு விரல், ஓட்டை என்றால் இரண்டு விரல். காது பிரிக்கத் தொடங்கும் வரை வாயைத் திறக்கச் சொல்லத் தேவையில்லை. அதன் பின் ஒரு கைக்கண்ணாடி போதும். திறப்பையும் குவிவையும் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்வாள். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது தனியாகச் சிரிப்புக்கு ஆளாகும் பயமும் இல்லை.

அடுத்தது, பாடசாலை மட்டக் கணிப்பீட்டில் பேச்சுக்கும் சில புள்ளிகள் இருக்க வேண்டும். முழு வகுப்பின் முன் நிறுத்திக் கேட்காமல், டீச்சரின் மேசையருகே தனியாகக் கேட்டால் நல்லது. புள்ளி வந்தால் நேரம் தானாகக் கிடைக்கும்.

மூன்றாவது, ஆசிரியைகளையும் நினைக்க வேண்டும். அவர்களில் பலரும் இதே எழுத்து வினாத்தாள் வழியாக வந்தவர்கள். அவர்களுக்கு யாரும் கற்பிக்காத ஒன்றை எங்களுக்குக் கற்பிக்கச் சொல்வதானால், முதலில் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

நான்காவது, எங்கள் கையில் உள்ளது. கிராஅத் குழுவில் உள்ள அக்காமாருக்கு மக்ரஜ் தெரியும். உயர்தரத் தமிழ் மாணவியருக்குப் பிறப்பியல் தெரியும். ஆங்கில மொழிமூல வகுப்பினருக்கு ஒலி தெரியும். இந்த மூன்று கூட்டமும் ஒரே கல்லூரிக்குள் ஒன்றையொன்று பார்க்காமல் இருக்கின்றன. இடைவேளையில் தங்கைமார் பத்துப் பேரை வைத்து இருபது நிமிடம் நடத்த இவர்களால் முடியாதா?

புதிய ஒலிக்கு இடம் செய்து கொடுப்பது எங்கள் சமூகத்துக்குப் பழைய வேலை. அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் மூன்றே: பத்ஹா, கஸ்ரா, ளம்மா. எகரத்துக்கும் ஒகரத்துக்கும் அங்கே குறியில்லை. ஆனால் எங்கள் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுத விரும்பினார்கள். 'எங்கள் எழுத்தில் இந்த ஒலி இல்லை' என்று கைவிட்டார்களா? எகர ஒகரங்களுக்குப் புதிய குறிகளைச் செய்தார்கள். அரபியில் இல்லாத தமிழ் மெய்களுக்குப் புள்ளிகள் சேர்த்தார்கள். அரபுத்தமிழ் பிறந்தது. பெண்கள் வீட்டிலிருந்தபடியே அதில் மார்க்கமும் கதையும் பாடலும் படித்தார்கள். தமிழ் எழுத்திலும் அப்படித்தான். எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் இன்றுபோல் பிரித்து எழுதும் முறை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தம் என்று படிக்கிறோம்.

அவர்கள் எழுத்தில் செய்ததை நாங்கள் வாயில் செய்தால் போதும். அடுத்த தவணை தரம் 6 தங்கைமாரிலிருந்து தொடங்கலாம். ஆங்கிலச் சங்கமும் தமிழ்ச் சங்கமும் மஜ்லிஸும் சேர்ந்து ஒரு நாளைக் குறித்தால், கைக்கண்ணாடி கொண்டு வரும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன்.